மறு: ‘நெளிவியக்கம்’ எல்லாவற்றுக்கும் பொருந்துமா?

> பாம்பு, மண்புழு, அட்டை எல்லாவற்றின் நகர்ச்சிக்கும் ஒரே கலைச்சொல்லாக ‘நெளிவியக்கம்’ வைத்துவிடலாம்.

அண்ணாச்சி, வணக்கம். பாம்புக்குப் பாதி சரி, மற்ற இரண்டுக்கும் பொருந்தாது என்றே எனக்குப் படுகிறது.

நம்மூர்ப் பேச்சில் நெளிதலுக்கு இடம்பெயர்தல் என்ற பொருள் கிடையாது. பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளை நெளிகிறார். உட்கார்ந்த இடத்தை விட்டா எழுந்தார்? கீழே விழுந்த சொம்பு நெளிந்துவிட்டது என்கிறோம். தாமிரபரணிக் கரையில் தூண்டில் போடுகிறவர் கையைப் பாருங்கள்: முள்ளில் கோத்த மண்புழு அந்த நெளி நெளியும். அதே புழு ஈரமண்ணில் போகும்போது நெளிவதில்லை. முன்பக்கம் மெலிந்து நீளும், அப்புறம் தடித்துக் குறுகிப் பின்பக்கத்தை இழுத்துக்கொள்ளும். வளையத் தசையும் நீளத் தசையும் மாறி மாறிச் சுருங்குவதால் வரும் நகர்ச்சி அது. உடம்பிலுள்ள நுண்முட்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். குடலில் சோறு இறங்குவதும் ஏறக்குறைய இப்படித்தான். இரண்டுக்கும் ‘சுருக்க அலை’ போதும்.

பாம்புக்கு வருவோம். கல்லும் புல்லும் கிடக்கிற தரையில் ஒவ்வொரு வளைவும் எதையாவது உந்தித் தள்ளுவதால்தான் அது முன்னே போகிறது. வழவழப்பான டைல்ஸில் சாரை மாட்டிக்கொண்டால் என்னதான் நெளிந்தாலும் நகர்வது கொஞ்சம்தான். மலைப்பாம்போ வளையாமலே, வயிற்றுச் செதில்களை ஊன்றி நேராகவும் ஊரும். நெளிவு என்பது உடம்பின் வடிவம். போவதைச் சொல்ல ஊர்தல் வேண்டும். ஆகவே ‘நெளிந்தூர்தல்’. விலாங்குக்கு ‘நெளிந்து நீந்தல்’.

அட்டைக்குப் புதிதாக எதையும் உருவாக்க வேண்டாம். மாஞ்சோலைப் பக்கம் மழையில் நடந்தவர்களுக்குத் தெரியும்: பின் ஒட்டுறிஞ்சியை ஊன்றி நீளும், முன்னதைப் பதிக்கும், பிறகு நடு உடம்பு வில்லாக எழும்பப் பின்பக்கத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். ஏறக்குறைய இதே நடை நடக்கிற ஆமணக்குப் புழுவை வேளாண்மைக்காரர்கள் ‘காவடிப்புழு’ என்கிறார்கள். திருச்செந்தூருக்குக் காவடி எடுக்கிற சீமையில் இதற்கு விளக்கமே தேவையில்லை. ‘காவடி நடை’ என்று வைத்துவிடலாம்.

கொசுப்புழுதான் இடிக்கிறது. உடம்பை இடமும் வலமுமாகச் சுண்டிச் சுண்டி அது தொட்டிக்குள் இறங்குவதை நீந்தல் என்று சொல்ல மனசு வரவில்லை. செங்கோட்டை தாண்டினால் மலையாளத்தில் அதற்குக் ‘கூத்தாடி’ என்றே பெயர். அம்பாசமுத்திரம் பக்கம் வயசானவர்கள் என்ன சொல்கிறார்கள், கேட்டு எழுதுங்களேன் அண்ணாச்சி.