கலைச்சொல் உதவி: தடுப்பாற்றல் இன்சுலினைத் தாக்காமல் விடும் தன்மை

அண்ணாச்சி, வணக்கம்.

முதல் வகை நீரிழிவு (தடுப்பாற்றலே இன்சுலின் சுரக்கும் செல்களைத் தாக்குவதால் வருவது) வந்த பிள்ளைகளின் பெற்றோருக்கான கையேட்டில் ஒரு சொல் முட்டுகிறது. தடுப்பாற்றல் நம் சொந்த இன்சுலினைத் தாக்காமல் விட்டுவைக்கிறதே, ஆங்கிலத்தில் ‘டாலரன்ஸ்’ என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன பெயர்? ‘சகிப்புத்தன்மை’ என்றால் பிடிக்காததைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதுபோல் இருக்கிறது. ‘தாங்குதிறன்’ என்றால் குளுக்கோஸ் குடித்துவிட்டு ரத்தம் கொடுக்கும் சோதனைதான் நினைவுக்கு வரும். இப்போதைக்கு ‘இன்சுலின் ஏற்பு’ என்று எழுதியிருக்கிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து

---

தம்பி,

‘ஏற்பு’ வேண்டாம். செல்லின் மேல் இன்சுலின் வந்து ஒட்டுகிற இடமான இன்சுலின் ஏற்பியோடு குழம்பும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ‘இன்சுலின் ஏற்பு இல்லை’ என்று படிக்கிற தாய், “பிள்ளைக்கு ஊசி ஒத்துக்கிடலயாம்” என்றுதான் எடுத்துக்கொள்வாள். ஊசியை நிறுத்திவிட்டால் உயிருக்கே ஆபத்து. யார் யாரைப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும்.

நடப்பது என்ன? தடுப்பாற்றலின் வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்கள், நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் வளரும்போது அங்கேயும் துளி இன்சுலின் உண்டாகிறது. அதைக் கண்டு வலுவாகப் பாய்கிற செல்கள் பெரும்பாலும் அங்கேயே ஒழிக்கப்படுகின்றன. தப்பி வெளியே வந்தவற்றை வேறு செல்கள் அடக்கி வைக்கின்றன. 11ஆம் குரோமோசோமில் இன்சுலின் மரபணுவுக்குச் சற்று முன்னால் ஒரு டி.என்.ஏ. துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. குட்டை வடிவத்தில் சுமார் 26 முதல் 63 முறை, நெட்டை வடிவத்தில் 140க்கும் மேல். நெட்டை வடிவம் இருந்தால் தைமஸில் இன்சுலின் இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக உருவாகிறது என்று 1997இல் வந்த ஆய்வுகள் காட்டின. வடிகட்டல் கடுமையாகிறது, நோய் வரும் வாய்ப்பு குறைகிறது. வேடிக்கை என்னவென்றால், கணையத்தில் இதே வடிவம் இன்சுலினைக் கொஞ்சம் குறைக்கத்தான் செய்கிறது.

ஆக, ஒழித்தும் அடக்கியும் கிடைக்கிற அமைதி இது. “பொறுதியா இருல” என்று பிள்ளைகளை அதட்டுகிறோமே, அந்தப் பொறுதிதான். தன்னுடையதன் மேல் காட்டுவதால் ‘தற்பொறுதி’ என்று வைக்கலாம்.

தென்காசியிலிருந்து

---

அண்ணாச்சி,

‘தற்பொறுதி’ என்று தனியாகப் பார்த்தால் தன்னடக்கம் மாதிரி ஒலிக்கிறது. ஆனால் ‘தடுப்பாற்றலின் தற்பொறுதி’ என்று முதல் இடத்தில் முழுசாக எழுதிவிட்டால் சரியாகிவிடும். கிளைச்சொற்களும் நன்றாக அமைகின்றன: தைமஸில் நடப்பது மையப் பொறுதி, வெளியே நடப்பது புறப் பொறுதி, கெட்டுப்போனால் பொறுதி இழப்பு. ‘சகிப்புத்தன்மை’யை வைத்து இப்படிச் சுருக்கமாக ஆக்க முடியாது.

கையேட்டுக்கு ஒரு வரி எழுதிப் பார்த்தேன்: “உங்கள் பிள்ளையின் தடுப்பாற்றல், இன்சுலின் சுரக்கும் செல்கள் மீதான தற்பொறுதியை இழந்துவிட்டது, ஊசியில் போடும் இன்சுலின் பிள்ளைக்குக் கட்டாயம் தேவை.” இதோடு, மரபு வழி வரும் வாய்ப்பில், தன்னுடையது எது, அந்நியம் எது என்று தடுப்பாற்றல் அடையாளம் காண உதவும் எச்.எல்.ஏ. மரபணுக்களுக்குத்தான் (6ஆம் குரோமோசோமில் உள்ளவை) பெரும்பங்கு என்றும் சேர்க்கிறேன். ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வந்தே தீரும் என்றில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ‘எந்த வீட்டு ரத்தம்’ என்று மாமியார் வீட்டில் கிளம்பிவிடுவார்கள். அல்வா ஊட்டியதால் வந்தது என்கிற பேச்சுக்குத் தனிப் பத்தி எழுதியாயிற்று.

‘புறப் பொறுதி’யில் ‘புற’ போதுமா, ‘வெளி’ நல்லதா என்று மட்டும் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து