டெக்சஸில் தூண்டில் போடப் போகிறவர்கள் கவனத்துக்கு

புதிதாக டல்லாஸ் பக்கம் போயிருக்கிற நம்ம வேலூர், குடியாத்தம், ஆற்காட்டுப் பிள்ளைகள் வாடகை வீடு, கிரெடிட் ஸ்கோர், கார் லைசென்ஸ் பற்றிக் கேட்டதற்கெல்லாம் நிறைய பேர் பதில் சொல்லிவிட்டார்கள். நான் சனிக்கிழமை மீன்பிடிப்பைப் பற்றிச் சொல்கிறேன். லீவில் காட்பாடி வந்திருக்கிறேன். எதிர்வீட்டுத் தம்பி அடுத்த மாதம் விமானம் ஏறுகிறான், பெட்டியில் தூண்டில் முள்ளும் நரம்பும் எடுத்து வைத்திருக்கிறான். நானும் அப்படித்தான் போனேன்.

அங்கே எனக்கு முன்னாலேயே ஒரு நண்பன் இருந்தான், குடியாத்தத்துக்காரன். சின்ன வயதில் ஒன்றாக ஏரிக்கரையில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். மண்புழுவைக் கோத்துப் போட்டு, தக்கை அசைகிற வரை வாயைத் திறக்காமல் இருந்தால் ஜிலேபியோ கெண்டையோ கட்டாயம் வரும். அந்தப் பொறுமைதான் மீன்பிடிப்பு என்று நினைத்திருந்தேன். அங்கத்து ஏரிகளில் கிடைக்கிற பாஸ் (bass) மீனுக்கு அது போதாது. விரால் மாதிரி செடிக்குள்ளும் கட்டைக்கடியிலும் பதுங்கி, எதிரே போவதைப் பாய்ந்து கவ்வுகிற மீன் அது. ஆண் மீன் குஞ்சுகளைக் காவல் காப்பதும் விரால் போலவேதான். நாம்தான் ரப்பர் புழுவை எறிந்து, இழுத்து, நிறுத்தி, மறுபடி எறிந்து அதைத் தேடிக்கொண்டே போக வேண்டும்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை லேக் ஃபோர்க்குக்குக் கிளம்பினோம். டல்லாஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம். 1980-இல் தண்ணீர் தேக்கிய ஏரி, ஏறக்குறைய 27,000 ஏக்கர். நிறைய மரங்களை வெட்டாமலே தண்ணீர் விட்டதால் பட்ட மரங்கள் ஏரி நடுவே இன்னும் நிற்கின்றன. காவேரிப்பாக்கம் ஏரியைப் பார்த்து வளர்ந்தவனுக்கே கண் கொள்ளவில்லை. 18 பவுண்டுக்கு மேல் ஒரு பாஸ் 1992-இல் இங்கேதான் மாட்டியது, டெக்சஸ் மாநில ரெக்கார்டு அதுதான். நண்பன் வழியெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டே வந்தான். அவன் வீட்டில் மசாலா அரைத்து, புளி ஊறவைத்து, கத்திரிக்காய்கூட நறுக்கி வைத்திருந்தார்கள்.

ஆனால் முந்தின நாள் ராத்திரி வாடைக்காற்று இறங்கியிருந்தது. கோல்ட் ஃப்ரண்ட் என்பார்கள். காலையில் வானம் துடைத்து விட்ட மாதிரி நீலம், வெயில் பளிச்சென்று. நல்ல நாள் என்றுதான் நான் நினைத்தேன். நம் ஊரில் மழை பெய்து புதுத் தண்ணீர் வந்தால் கலங்கல் பக்கம் மீன் ஏறும், வானிலை மாறினால் நமக்குக் கொண்டாட்டம். அங்கே இது நேர்மாறு. முட்டையிடக் கரையோரம் வர ஆரம்பித்த பாஸ், இந்தக் குளிர் விழுந்ததும் ஆழத்துக்குப் போய்விடும், இல்லையென்றால் கட்டையோடு ஒட்டிக்கொள்ளும். மூக்குக்கு முன்னால் இரையை ஆட்டினாலும் துரத்தாது. ஓரிரு நாள் அப்படித்தான் இருக்கும். இது தெரிந்திருந்தால் படகுக்குக் காசு கட்டுவதற்கு முன்பே அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போட்டிருப்போம்.

காலை ஏழு மணியிலிருந்து இரண்டு மணி வரை ஒரு கடிகூட இல்லை. நண்பன் எனக்கு பெயிட்காஸ்டர் ரீல் கொடுத்திருந்தான், எறியும்போது நரம்பு சுற்றிய உருளையே சுழல்கிற ரகம். பழகாத கையில் அது எறிந்தவுடன் உள்ளேயே சுழன்று நரம்பு சிக்காகிவிடும். சிக்கெடுத்தே பாதி நாள் போனது. புதியவர்கள் உருளை சுழலாமல் நரம்பு மட்டும் அவிழ்கிற சாதாரண ஸ்பின்னிங் ரீல் வாங்குங்கள். அப்புறம் முள்ளின் நுனியை ரப்பர் புழுவுக்குள்ளேயே மறைத்துக் கோக்கிற டெக்சஸ் ரிக்கை யாரிடமாவது கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், மரத்தில் மாட்டுவது குறையும். நான் அன்றைக்கு ஆறு முள்ளை அந்தக் கட்டைகளுக்கே கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்று மணிக்கு மேல் ஒன்று கடித்தது. கை நடுங்கித் தூக்கினேன். அளந்தால் 18 அங்குலம்.

"விட்டுடு மச்சான்" என்றான் நண்பன்.

"இன்னாடா சொல்ற? காலையிலேர்ந்து இது ஒண்ணுதான்!"

"இந்த ஏரில பதினாறுக்கு மேல, இருபத்துநாலுக்குக் கீழ இருந்தா வெச்சிக்கக் கூடாது. ஏரிய செக் பண்ற வார்டன் புடிச்சா அபராதம்."

"அத ஏன் முன்னாடியே சொல்லல?"

விட்டுவிட்டேன். திரும்பி வரும் வழியில் ஒன்றரை மணி நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. எடுத்துப் போன தயிர்சாதம் டப்பாவைத் திறக்காமலே வந்தது. அவன் மேல் கோபம் என்பதைவிட, இத்தனை தூரம் வந்தும் கை பழகிய வேலை ஒன்றுகூட இங்கே உதவவில்லையே என்கிற வருத்தம்தான் எனக்கு. புதிதாகப் போன எல்லாருக்கும் முதல் வருஷத்தில் இது ஏதாவது ஒரு விஷயத்தில் வரும். அதைக் கூட இருக்கிறவன் மேல் இறக்கிவிடாதீர்கள். அங்கே நம் பேச்சு புரிகிற ஒருவன் கிடைப்பது பெரிய விஷயம்.

சட்டத்தை நண்பன் சொல்வான் என்று காத்திருக்காமல் நீங்களே படித்துவிடுங்கள். நான் சொல்வது டெக்சஸுக்கு மட்டும். 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மீன்பிடி லைசென்ஸ் வேண்டும், அது ஆகஸ்ட் 31-இல் முடியும். தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் குடியிருந்தால் நன்னீர் லைசென்ஸ் 30 டாலர், அதற்குள் என்றால் 58. அதனால் போன புதிதில் ஸ்டேட் பார்க் (மாநில அரசுப் பூங்கா) கரைகளில் தூண்டில் போடுங்கள், அங்கே லைசென்ஸே தேவையில்லை. ஜூன் முதல் சனிக்கிழமை எங்கேயும் தேவையில்லை. பொதுவாகப் பாஸ் 14 அங்குலம் இருந்தால்தான் எடுக்கலாம், ஒரு நாளைக்கு ஐந்துதான். ஏரிக்கு ஏரி இது மாறும். வீசுவலையில் பாஸ் பிடிப்பது குற்றம். அபராதம் 25 டாலரிலிருந்து 500 வரை, விசாவில் இருக்கிறவர்களுக்கு அந்தப் பதிவே வேண்டாம். விரால் உயிரோடு யார் கொடுத்தாலும் தொடாதீர்கள், 2002-லிருந்து அதை அமெரிக்காவுக்குள் கொண்டுவரவே தடை. குழம்புக்குத்தான் மீன் வேண்டும் என்றால் கேட்ஃபிஷ் பிடியுங்கள், நம்ம கெளுத்தி ஜாதிதான், மண்புழுவுக்கே வரும்.

அன்று ராத்திரி அவன் வீட்டில் அரைத்த மசாலாவில் கத்திரிக்காயை மட்டும் போட்டுக் குழம்பு வைத்தார்கள். இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொள்ளும்போது அவன்தான் முதலில் பேசினான், அடுத்த சனிக்கிழமை காற்று எப்படி இருக்கும் என்று போனில் பார்த்துச் சொன்னான். நேற்று இங்கே காட்பாடிக்கும் கூப்பிட்டான். செப்டம்பர் வந்தால் லைசென்ஸ் புதுப்பிக்கணும், மறந்துடாதே என்றான்.