உலகச் சந்தையை எங்கே கண்டீர்கள்? மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்தார் சொல்கிறார்கள்

மளிகைக் கடைக்காரர்:

சம்பள நாள் மாலையில் என் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசிகள், நேப்பாளிகள், இந்தோனேசியர்கள். ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, மிச்சத்தில்தான் அரிசியும் கடுகெண்ணெயும் வாங்குவார்கள். ஒரு பையனிடம், "ஊருக்குப் போய் வரவில்லையா?" என்று கேட்டேன். நிலத்தை அடகு வைத்து ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் இன்னும் தீரவில்லை என்றான். அந்த நேரம் பார்த்து நம் ஆள் ஒருவர், "இவர்கள் வந்துதான் நம் வேலை போயிற்று" என்றார், அவன் காதுபடவே. எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. ஆள்பிடித்து வந்த கங்காணி கொடுத்த முன்பணத்தைக் கழிப்பதற்காக ரப்பர் பால் வெட்டிய குடும்பங்களில் பிறந்தவர்கள் பேசுகிற பேச்சா இது?

ஓய்வுபெற்ற கிராணி (தோட்ட எழுத்தர்):

தம்பியின் கோபம் நியாயமானது. ஆனால் நம் வேலை போனதும் உண்மைதானே. எதனால் போனது என்பதில்தான் பிசகுகிறோம். ரப்பர் விலையை இந்த ஊரில் யாரும் ஒருநாளும் நிர்ணயித்ததில்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்காவில் கார் விற்பனை படுத்தது, டயருக்கான ரப்பரின் விலையும் விழுந்தது. இங்கே ஆயிரக்கணக்கான நம்மவர்களைத் தமிழ்நாட்டுக்குத் திருப்பிக் கப்பலேற்றினார்கள். 1950இல் கொரியப் போர் மூண்டதும் அதே பாலுக்கு விலை எகிறியது. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கியபோது, நம் தொகுதி எம்.பி. துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்) கட்டித் தொழிலாளர்களே தோட்டத்துக்குப் பங்குதாரர் ஆனார்கள். 1981 செப்டம்பர் 7 அன்று லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலைப்பொழுதில், இங்கே தோட்டங்கள் வைத்திருந்த பிரிட்டிஷ் கத்ரி நிறுவனம் மலேசியாவின் கைக்கு வந்தது. பெருமைப்பட்டோம். ஆனால் தோட்டம் யார் பெயரில் இருந்தாலும் சரக்கின் விலை வெளியிலிருந்துதான் வந்தது.

ரப்பருக்குப் பதிலாக வந்த, பாமாயில் தரும் செம்பனைதான் நம்மைக் கலைத்தது. பால்மரத்துக்கு விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போக வேண்டும். புருஷன், பெண்டாட்டி, பிள்ளை எல்லோருக்கும் அதில் வேலை உண்டு. செம்பனைக்குப் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை குலை வெட்டினால் போதும். அதே பரப்புக்குப் பாதி ஆளும் தேவையில்லை. ஆள் குறைந்ததும் தொழிலாளர் குடியிருந்த லயம் காலியானது, பள்ளிக்கூடத்தில் பிள்ளை குறைந்தது, கோயில் திருவிழாவுக்கு வரி கட்ட ஆளில்லை. வெளியே வந்தவர்களுக்குக் கையில் வீடும் இல்லை, வேறு தொழிலும் இல்லை. வங்காளதேசத்துப் பையன் வந்து பிடுங்கியதல்ல இது. அவன் வந்தபோது நம்மில் பலர் ஏற்கெனவே வெளியே நின்றோம்.

பினாங்குத் தொழிற்சாலை ஊழியர்:

கிராணி ஐயா, லயத்தை நினைத்து நான் ஏங்கவில்லை. அம்மா பால் வெட்டிச் சம்பாதித்ததில் பாதி அப்பா வழியாகக் கள்ளுக்கடைக்குப் போனது. 1972இல் பாயான் லெப்பாஸில் தொடங்கிய சுதந்திர வர்த்தக மண்டலத்தில் என் பெரிய அக்காவுக்கு ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அவர் பெயரில் சம்பளச் சீட்டு, அவர் பெயரில் ஊழியர் சேம நிதி. கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அதிலிருந்துதான் வந்தது என்று இன்றும் சொல்வார். இதுவும் உலகச் சந்தை கொடுத்ததுதான், எழுத மறக்காதீர்கள். 2001இல் அமெரிக்க ஆர்டர்கள் சரிந்தபோது என் பிரிவில் ஆள் குறைத்தார்கள், அதையும் பார்த்தேன். இருந்தும் நான் தோட்டத்துக்குத் திரும்ப மாட்டேன்.

லாரி ஓட்டுநர்:

நான் செம்பனைக் குலை ஏற்றுகிறவன். நாமக்கல் பக்கம் சித்தி வீட்டுக்குப் போனபோது ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்கிய பாமாயிலில் முறுக்குச் சுட்டுக் கொடுத்தார். அது நம் செம்பனையா, இந்தோனேசியாவுடையதா, தெரியாது. சித்திக்கு அந்தக் கேள்வியே வேடிக்கை. காஷ்மீர் பற்றி அப்போதைய மலேசியப் பிரதமர் மகாதீர் பேசிய பேச்சுக்குப் பிறகு, 2020 ஜனவரியில் சுத்திகரித்த பாமாயில் இறக்குமதிக்கு இந்தியா கட்டுப்பாடு போட்டது. இங்கே ஆலை வாசலில் அதே பேச்சு. அடுத்துக் கொரோனா. எல்லை மூடியதால் வெட்ட ஆளில்லை. 2022இல் எண்ணெய் விலை டன்னுக்கு 7,000 வெள்ளியைத் தாண்டிய நேரத்தில் குலைகள் மரத்தடியில் அழுகின. வெட்டிய குலையை ஓரிரு நாளுக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெய் கெட்டுவிடும். நம் பையன்களைக் கூப்பிட்டார்கள்தான். அவர்கள் கேட்ட கூலியைக் கொடுக்க யாரும் முன்வரவில்லை. எல்லை திறந்ததும் தோட்ட முதலாளிகள் வெளிநாட்டு ஆட்களுக்காக மறுபடி ஏஜெண்டுகளிடம் போனார்கள்.