சிலிக்கான்ல லேசராம்ல!

வெண்ணாற்றங்கரை: மன்னை மைனர் நேத்து போட்டதைப் படிச்சுட்டு ராத்திரி தூக்கமே வரலை. 'நம்ம டெல்டா காலேஜ் ஒண்ணுல போட்டானிக்ஸ் லேப் திறந்தாச்சு, எம்.டெக். பசங்க சிலிக்கான்லயே லேசர் செய்றாங்க'ன்னு எழுதியிருக்கார். போட்டானிக்ஸ்னா சிப்புல கரண்ட்டுக்குப் பதிலா வெளிச்சத்தை ஓட்டுற வேலை. சிலிக்கான் வெளிச்சம் விடாதுங்க. அதோட எலக்ட்ரான் அமைப்பு அப்படி, இன்டைரக்ட் பேண்ட்கேப்னு பேரு. மேல ஏத்திவிட்ட எலக்ட்ரான் கீழ இறங்கினா பெரும்பாலும் சூடாத்தான் போகும். லேசருக்கு இண்டியம் பாஸ்பைடு, காலியம் ஆர்சனைடுன்னு வேற சரக்கு வேணும்.

மன்னை மைனர்: திறப்பு விழாவுல நேர்ல நின்னவன் நான். சிப்புலேருந்து செவப்பா வெளிச்சம் வந்ததை இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன்.

வெண்ணாற்றங்கரை: செவப்பாவா! மாட்டிக்கிட்டீங்க. சிலிக்கான் சிப்புல வழக்கமா ஓடுற வெளிச்சத்தோட அலைநீளம் 1310, 1550 நானோமீட்டர். கண்ணுக்கே தெரியாது. செவப்பு 650. சுமார் 1100-க்குக் கீழ எது வந்தாலும் சிலிக்கான் முழுங்கிடும். இன்டர்நெட் கனெக்‌ஷன் குடுக்க வர்ற பசங்க ஃபைபர் ஒடிஞ்ச இடம் தேட சட்டைப்பையில ஒரு செவப்பு லைட் பேனா வச்சிருப்பாங்க. அதைப் பார்த்துட்டு வந்திருக்கீங்க.

ஆனைக்காக்காரன்: சாருக்கு ஒண்ணு தெரியலை. 2005-லயே இன்டெல் சிலிக்கான்ல லேசர் ஓட்டிக் காட்டியாச்சு. பேரு ராமன் லேசர். அந்த சி.வி. ராமன் 1888-ல எங்க திருவானைக்காவல்ல பொறந்தவர். டெல்டா மண்ணு!

வெண்ணாற்றங்கரை: அதுக்கு வெளியிலேருந்து இன்னொரு லேசரை உள்ள ஊத்தணும். பக்கத்து வீட்டு போர்ல இறைச்சுட்டு எங்க கிணறு ஊறுதுன்னு சொல்ற கதை. சிலிக்கான் வெளிச்சம் விடாது.

மன்னை மைனர்: 2006-ல இண்டியம் பாஸ்பைடை சிலிக்கான் மேல ஒட்டியே செஞ்சாங்களே? ஒட்டு மாங்கன்னு வச்சா, மரம் நிக்கிற கொல்லைக்காரனுக்குத்தான் காய்.

வெண்ணாற்றங்கரை: ஒட்டினதுதான் எரியுது. சிலிக்கான் விடாது.

பூண்டி வாய்க்கால்: அது இருக்கட்டும், திருச்சி எப்ப டெல்டா ஆச்சு? டெல்டாவுக்குன்னு போட்ட 2020 பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துல திருச்சி மாவட்டமே கிடையாது.

ஆனைக்காக்காரன்: முக்கொம்புல நாங்க தொறந்தாத்தான் உங்க வாய்க்கால்ல தண்ணி. குறுவை நேரத்துலயும் இதே பேச்சு பேசினீங்க, மறக்கலை.

குடந்தை ஈ.சி.இ.: அண்ணே, ஐ.என்.யு.பி.ங்கிற நானோ எலக்ட்ரானிக்ஸ் பயிற்சித் திட்டத்துல பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி. க்ளீன் ரூம்ல, அதான் சிப்பு செய்ற தூசியில்லா அறையில, பயிற்சி தர்றாங்களாமே, எங்க மாதிரி காலேஜ்லேருந்து போகலாமா?

வெண்ணாற்றங்கரை: போகலாம்மா, வெளிக் கல்லூரி ஆளுங்களுக்காகத்தான் அது. கைப்பழக்கம்தான் இதுல எல்லாம். நான் படிச்சப்ப ஃபைபர் நுனியைச் சிப்புக்கு நேரா கொண்டுவர ஒரு மத்தியானமே போச்சு. திருகை மயிரிழை திருப்பினா மீட்டர்ல அளவு விழும். யாராவது கதவை அறைஞ்சா மறுபடி முதல்லேருந்து. மஞ்சள் லைட் போட்டா க்ளீன் ரூம் ஆயிடாது. சிப்பு மேல வடிவம் பதிக்கப் பூசுற ரெசிஸ்ட் நீல வெளிச்சத்துல கெட்டுப்போகும்னுதான் மஞ்சள். மைனர் பார்த்த ரூம்ல செருப்பையாவது கழட்டச் சொன்னாங்களா?

மன்னை மைனர்: சொன்னாங்க. சரி, பேனான்னே வச்சுக்குவோம். இந்தப் பக்கம் விட்ட செவப்பு அந்தப் பக்கம் எப்படி வந்துச்சு?

வெண்ணாற்றங்கரை: அப்ப அது சிலிக்கான் நைட்ரைடு வேவ்கைடு, வெளிச்சம் ஓடுற வாய்க்கால். செவப்பை முழுங்காம உள்ள போக விடும். அது சிலிக்கானே இல்லை.

மன்னை மைனர்: பேர்லயே சிலிக்கான் இருக்கே சார்!

வெண்ணாற்றங்கரை: மைனர்னு பேர் வச்சவங்க எல்லாம் மைனரா?

பூண்டி வாய்க்கால்: முக்கொம்புக்கு இன்னும் நான் பதில் சொல்லலை. சாயங்காலம் வர்றேன்.