பாபநாசம் சிவனின் சினிமாப் பாட்டுத் தட்டுகள்: எழுதியவர் பெயரை உறுதிசெய்வது எப்படி?

தட்டுப்பெட்டி (கேள்வி)

பாபநாசம் சிவன் சினிமாவுக்கு எழுதியவற்றில் 78 சுற்றுத் தட்டாக (நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய கிராமபோன் இசைத்தட்டு) வந்தவற்றை மட்டும் பட்டியல் போட்டு, கூடவே கணினியில் ஏற்றியும் வருகிறேன். 1934இல் வந்த சீதா கல்யாணத்தில் தொடங்கி 1945இன் மீரா வரை எல்லை வைத்திருக்கிறேன். மூன்று இடத்தில் சிக்கல்.

லேபிளில் பாடியவர், ராகம், தாளம், படத்தின் பெயர் வரை இருக்கிறது. எழுதியவர் பெயர் பல தட்டுகளில் இல்லை. 'ராமதாசன்' என்ற முத்திரையை (பாட்டுக்குள்ளேயே எழுதியவர் வைக்கும் அடையாளப் பெயர்) வைத்து முடிவு செய்யலாமா?

ஒரே பாட்டு படத்தில் ஒரு மாதிரி, தட்டில் இன்னொரு மாதிரி. தட்டில் ஒரு சரணமே காணோம். பட்டியலில் இதை எப்படிக் குறிப்பது?

கடைசியாக, எல்பி (78க்குப் பின் வந்த நீண்ட நேரத் தட்டு) பிளேயரில் 78 வேகம் வைத்து ஓட்டினால் இரைச்சல் முன்னால் நிற்கிறது, குரல் மூக்கடைத்தாற்போல் வருகிறது. தட்டு தேய்ந்துவிட்டதா, என் பக்கம் தவறா?

பாட்டுப்புத்தகம்

முத்திரையை நம்பி இறங்காதீர்கள். 'ராமதாசன்' சிவனின் கீர்த்தனைகளுக்குரிய அடையாளம். சினிமாவில் பாடுவது கதாபாத்திரம். ஹரிதாஸ் படத்தில் ஹரிதாஸாக நிற்கும் ஒருவன் 'மன்மத லீலையை' பாடும்போது அங்கே ராமதாசனுக்கு என்ன வேலை? முத்திரை இல்லை என்பதால் சிவன் பாட்டு இல்லை என்று தள்ளவும் முடியாது. ஆங்கில எழுத்தில் 'ராமதாஸ்' என்று கண்டால் மொழி என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். பத்ராசல ராமதாசரின் தெலுங்குக் கீர்த்தனைகள் இப்படித்தான் பட்டியலுக்குள் நுழைந்துவிடும்.

முதல் சாட்சி தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகம். முகப்பிலோ இரண்டாம் பக்கத்திலோ பாட்டாசிரியர் பெயர் இருக்கும். பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும், சிலவற்றில் எந்த மெட்டு என்பதும் இருக்கும். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. படம் வெளிவருவதற்கு முன்பே அச்சுக்குப் போகும் புத்தகம் அது. கடைசி நேரத்தில் வெட்டிய பாட்டு புத்தகத்தில் கிடக்கும், கடைசி நேரத்தில் சேர்த்தது இருக்காது. ஆகவே புத்தகம், படத்தின் எழுத்துக்காட்சி (திரையில் பெயர்கள் வரும் பகுதி), தட்டு லேபிள் மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போனால் மட்டும் 'உறுதி' என்று போடுங்கள். ஒன்றே ஒன்று சொன்னால் அது எது என்று எழுதி வையுங்கள்.

'பாடல்கள்: பாபநாசம் சிவன்' என்று படத்துக்கு மொத்தமாக இருந்தாலும் ஒவ்வொரு பாட்டுக்கும் அதை ஒட்டிவிடாதீர்கள். நீங்கள் எல்லையாக வைத்திருக்கும் மீராவே நல்ல எடுத்துக்காட்டு. அதில் சிவன் பாட்டுகள் உண்டு. ஆனால் அந்தப் படத்தில் எல்லோருக்கும் தெரிந்த 'காற்றினிலே வரும் கீதம்' கல்கி எழுதியது. சிவகவி, ஹரிதாஸ் படங்களில் வேறொரு குழப்பம். அங்கே இசைக்கு ஜி. ராமநாதன் பெயரும் வரும். வரி, மெட்டு, வாத்திய அமைப்பு மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் போடாவிட்டால் பின்னால் பிரிக்கவே முடியாது.

பட்டியலை முதல் வரியால் அடுக்காதீர்கள். 'அம்பா மனங்கனிந்து' ஒரு லேபிளில் ஒரு எழுத்துக்கூட்டிலும், இன்னொன்றில் வேறு மாதிரியும் இருக்கலாம். முன்னால் விருத்தம் (தாளமில்லாமல் பாடும் செய்யுள்) இருந்தால் அதன் முதல் சொல்லையே தலைப்பாக்கிவிடுவார்கள். லேபிளைச் சுற்றிப் பாட்டில்லாத வழவழப்பான வளையத்தில் மேட்ரிக்ஸ் எண் பொறித்திருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். லேபிளில் அச்சான பட்டியல் எண் தட்டுக்கு உரியது, இரண்டு பக்கத்துக்கும் ஒன்றே. மேட்ரிக்ஸ் எண் அந்த ஒரு பக்கத்தின் பதிவுக்கு உரியது. மறுவெளியீட்டில் பட்டியல் எண் மாறும், பதிவு அதுவேயானால் மேட்ரிக்ஸ் பொதுவாக மாறாது. அதை வைத்தே அடுக்குங்கள்.

ஊசிமுனை

மூன்றாவது கேள்விக்கு: தட்டின் மேல் உடனே பழி போடாதீர்கள், முதலில் ஊசியை மாற்றுங்கள். எல்பி ஊசி முனை 0.7 முதல் 1 மில் வரை (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 78 தட்டில் ஊசி ஓடும் பள்ளத்துக்கு 3 மில், அதாவது சுமார் 75 மைக்ரான் வேண்டும். சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் போய் அழுக்கைத்தான் வாசிக்கும். இரும்பு ஊசியில் ஓடி ஓடித் தேய்ந்த தட்டு என்றால் 2.5, 2.8, 3.5 மில் என்று மாற்றிப் பாருங்கள். சுவரில் தேயாத உயரம் எங்காவது கிடைக்கும். ஊசி தட்டை அழுத்தும் எடை 3 முதல் 5 கிராம்.

மூக்கடைப்புக்குக் காரணம் ஃபோனோ ப்ரீஆம்ப், அதாவது ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒலியைப் பெருக்கும் கருவி. அதிலிருக்கும் ஆர்ஐஏஏ வளைவு (கீழ் ஒலியை ஏற்றி, மேல் ஒலியைக் குறைக்கும் அமைப்பு) எல்பி காலத்தது. 10,000 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 14 டெசிபல் குறைத்துவிடும். நம் தட்டுகளில் மேல் ஒலியை அப்படி ஏற்றிப் பதியவில்லை, ஆகவே இருப்பதும் போய்விடுகிறது. வளைவே இல்லாத ப்ரீஆம்பில் எடுத்து, மென்பொருளில் 250 முதல் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் ஏற்றுங்கள். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. கைவைக்காத மூலத்தைத் தனியாக வைத்துவிட்டு நகலில் மட்டும் சுத்தம் செய்யுங்கள்.

ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் (ஊசி மாட்டியிருக்கும் தலைப்பகுதி) என்றால் இரண்டு சேனலையும் கூட்டி மோனோ ஆக்குங்கள். பள்ளம் பக்கவாட்டில் வெட்டியது. மேல்கீழ் அசைவில் வருவது வெறும் இரைச்சல், கூட்டும்போது அது அடிபட்டுப் போகும். கூட்டியதும் குரல் காணாமல் போய் இரைச்சல் மட்டும் மிஞ்சினால் ஒரு பக்க ஒயர் தலைகீழாக மாட்டியிருக்கிறது என்று பொருள்.

கழுவ ஸ்பிரிட், ஐசோப்ரோபைல் எதுவும் கூடாது. தட்டில் இருக்கும் அரக்கு கரைந்து தட்டு பாழ். ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் மென்மையான திரவ சோப்பு இரண்டு மூன்று சொட்டு, வெல்வெட் துணி, பள்ளத்தின் போக்கிலேயே துடைப்பு. லேபிள் நனையக் கூடாது. பழைய கொலம்பியா தட்டு சிலவற்றில் நடுவே காகிதம் வைத்த அடுக்கு உண்டு. விளிம்பு உடைந்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கி உப்பிவிடும். அதை ஈரத்துணியோடு நிறுத்துங்கள்.

தட்டுப்பெட்டி

நன்றி சார். கூட்டினால் குரல் மங்கியதற்குக் காரணம் ஒயர்தான், மாற்றியதும் சரியானது. வேகத்தை ஸ்ருதி வைத்துச் சரிபார்க்கலாமா?

ஊசிமுனை

ஓரளவுக்கு. நிமிடத்துக்கு ஒரு சுற்று கூடினால் ஸ்ருதி 22 சென்ட் ஏறும் (அரை ஸ்வரம் என்பது 100 சென்ட்), அரை ஸ்வரம் ஏற நாலரைச் சுற்றுக்கு மேல் வேண்டும். ஆனால் பாடகர் அன்று எந்தக் கட்டையில் (ஸ்ருதியில்) பாடினார் என்று யாருக்குத் தெரியும்? ஹார்மோனியம் கூட வாசித்திருந்தால் அதன் ஸ்வரம் ஒரு பிடிமானம். தம்பூரா மட்டும் என்றால் 78லேயே விட்டுவிட்டுக் குறிப்பு எழுதுங்கள்.

பாட்டுப்புத்தகம்

விட்டுப்போன இரண்டாவது கேள்வி. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று, மூன்றே கால் நிமிடம். சரணத்தைக் கத்தரிப்பார்கள், அல்லது வேகத்தைக் கூட்டிப் பாடுவார்கள். தொடக்க காலப் பேசும் படங்களில் நடிகர் காமிரா முன் நின்றே பாடினார். தட்டுக்குக் கம்பெனி ஸ்டுடியோவில் மறுபடி பாடினார். அவை இரண்டு தனிப் பதிவு. பின்னால் படத்தின் ஒலிப்பட்டையிலிருந்தே தட்டு எடுக்கும் வழக்கம் வந்தது. எது எது என்று தெரிய, இரண்டையும் மென்பொருளில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து வேகத்தைச் சமன் செய்யுங்கள். ஒரே பதிவு என்றால், வெட்டிய இடம் தவிர, மிருதங்க அடி கடைசி வரை ஒன்றின்மேல் ஒன்றாக விழும். வேறு பதிவு என்றால் அரை நிமிடத்துக்குள் சங்கதி விலகிவிடும்.

இணையத்தில் ஏற்றும் எண்ணம் இருந்தால்: இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்குப் பதிப்புரிமை வெளியீட்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு; இந்தத் தட்டுகளுக்கு அது முடிந்தது. பாட்டு வரிக்கு எழுதியவர் மறைந்ததற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60. சிவன் மறைந்தது 1973 அக்டோபர், ஆகவே 2033 டிசம்பர் 31 வரை வரிகளுக்குப் பதிப்புரிமை உண்டு. பட்டியலையும் மேட்ரிக்ஸ் எண்களையும் இப்போதே போடலாம். முழு வரியைத் தட்டச்சு செய்து போடும்முன் உரிமை யாரிடம் என்று பாருங்கள்.