இரண்டாவது பைபாஸ்: கைத்தமனி வைத்தவர்கள் சொல்லுங்கள்

மதுரை மகள்:
அப்பாவுக்கு முதல் பைபாஸ் 2006-ல் நடந்தது. முன்பக்கக் குழாய்க்கு நெஞ்சுக்கூட்டின் உள்பக்கம் ஓடும் லிமா தமனி, மற்ற இரண்டு இடத்துக்குக் கால் நரம்பு, அதாவது காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாய். போன வருடம் மாடி ஏறினாலே நெஞ்சைப் பிடிக்க ஆரம்பித்தது. ஆஞ்சியோவில் பார்த்தால் கால் நரம்பு இரண்டும் அடைத்துக் கிடக்கிறது, லிமா மட்டும் ஜம்மென்று ஓடுகிறது. பத்து வருடத்தில் கால் நரம்பு கிட்டத்தட்ட பாதிப் பேருக்குக் கெட்டுவிடும், லிமா பத்தில் ஒன்பது பேருக்கு நிற்கும் என்றார் சர்ஜன்.

ஸ்டென்ட் பற்றித்தான் முதலில் பேசினார்கள். அடைப்பு நீளம், சுண்ணாம்பு வேறு படிந்திருக்கிறது என்று கைவிட்டுவிட்டார்கள். சரி, மறுபடி ஆபரேஷன் என்றால் எதை எடுத்து வைப்பது? வலது பக்க நெஞ்சுத் தமனி இருக்கிறது. ஆனால் அப்பாவுக்குச் சர்க்கரை. இரண்டு பக்கமும் எடுத்துவிட்டால் நெஞ்செலும்பு கூடுவது கஷ்டம், சீழ் வைக்கும் பயமும் உண்டு. மிச்சம் இருப்பது கையில் ஓடும் தமனிதான்.

"இடது கையை நீட்டுங்க ஐயா" என்று சர்ஜன் மணிக்கட்டில் இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கையை மூடி மூடித் திறக்கச் சொன்னார். உள்ளங்கை வெளுத்துப்போனது. சுண்டுவிரல் பக்கம் மட்டும் விட்டதும் சில நொடியில் சிவந்தது. அந்த ஒரு குழாயே கைக்குப் போதும், கட்டைவிரல் பக்கத்தை எடுக்கலாம் என்று அர்த்தமாம். வலது கை வழியாக ஆஞ்சியோ செய்ததால் அந்தக் குழாயின் உள்சுவர் அடிபட்டிருக்கும், அதை எடுக்க மாட்டார்களாம். அன்று முதல் அப்பாவின் இடது கையில் யார் ஊசியோடு வந்தாலும் அம்மா விடவில்லை!

எங்களுக்குக் கைத்தமனியைவிட நெஞ்சைத் திறப்பதுதான் பெரிய பயம். முதல் ஆபரேஷனுக்குப் பிறகு இதயம் எலும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். ரம்பம் வைக்கும்போது நன்றாக ஓடுகிற லிமா வெட்டுப்பட்டால் போச்சு. அது எலும்புக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறது என்று முன்கூட்டியே சி.டி. எடுத்துப் பார்த்தார்கள். நல்லபடியாக முடிந்தது. கட்டைவிரலின் பின்பக்கம் இன்னும் மரத்த மாதிரி இருக்கிறது என்கிறார், அவ்வளவுதான்.

தியேட்டர் சிஸ்டர் (ஓய்வு):
கைத்தமனி புதுசு இல்லை, மதுரை மகளே. பாரிஸில் கார்பாந்தியே என்ற சர்ஜன் 1970-களின் தொடக்கத்திலேயே வைத்துப் பார்த்தார். சுருங்கி அடைத்துக்கொள்கிறது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அடைத்துப்போனதாக நினைத்த சில குழாய்கள் பல வருடம் கழித்தும் திறந்திருப்பது தெரிந்த பிறகுதான், 1990-களில் திரும்பி வந்தது. எடுத்ததும் சுருங்காமலிருக்க மருந்தில் நனைத்து வைப்போம். சுருக்கத்தைத் தடுக்க டில்டியாசம் போன்ற மாத்திரை பிறகும் கொஞ்ச காலம் தருவார்கள், அப்பா நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், அடைப்பு நன்றாக முற்றிய குழாய்க்குத்தான் இதை வைப்பார்கள். பாதி அடைப்பு என்றால் பழைய வழியிலேயே ரத்தம் போகும். புதுக் குழாய் வேலையில்லாமல் நூலாகச் சுருங்கிவிடும்.

ரெண்டாம் ரவுண்டு:
எனக்கும் கைத்தமனிதான் வைப்பார்கள் என்று நெட்டில் படித்துத் தயாராகப் போனேன். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் சர்ஜன் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். நாளைக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டால் பிஸ்டுலா போட, அதாவது ஊசி குத்த வசதியாகத் தமனியையும் சிரையையும் இணைக்க, அந்தக் கை வேண்டுமாம். முதல் ஆபரேஷன் செய்த இடத்தில் பழைய ஆபரேஷன் நோட்டும் கிடைக்கவில்லை. எந்தக் காலில் எதுவரை எடுத்தார்கள் என்று தழும்பைப் பார்த்து, ஸ்கேன் வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். கடைசியில் இன்னொரு கால் நரம்பையே வைத்தார்கள். இப்போது தினமும் காலையில் நடக்கிறேன், நெஞ்சு வலி இல்லை. கால் வீக்கம்தான் வடிய மாட்டேன் என்கிறது. சிஸ்டர், இறுக்கமான சாக்ஸ் இன்னும் எத்தனை நாள் போட வேண்டியிருக்கும்?