எசெக்ஸின் முதல் அரசன் அப்பனா, மகனா?

வடகரையான்: பழைய இங்கிலாந்தின் கிழக்கே இருந்த சாக்சன் அரசு எசெக்ஸ். அதன் அரசர் வரிசையைப் பலரும் “ஏஸ்க்வின், 527–587” என்றே தொடங்குகிறார்கள். அறுபது ஆண்டு ஆட்சியாம்! ஆண்டுகள் 13ஆம் நூற்றாண்டுத் துறவி ரோஜர் ஆஃப் வெண்டோவரின் கணக்கு. என் கட்சி, முதல் அரசன் மகன் ஸ்லெட்.

ஏட்டுப்பூச்சி: ஆண்டுகளைத் தள்ளுங்கள், ஆளை ஏன் தள்ளுகிறீர்கள்? பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள 9ஆம் நூற்றாண்டு வம்சாவளித் துண்டிலும் ஸ்லெட்டின் தகப்பன் ஏஸ்க்வின்தான். வெண்டோவர் எர்கென்வின் என்கிறார், அவ்வளவே.

வடகரையான்: தகப்பனாக இருந்தது வேறு, ஆண்டது வேறு. அதே துண்டில் ஓஃபா, ஸ்வித்ரெட், சிகெரெட் என மூன்று அரசர்களின் கொடிவழி உண்டு. முதல் இரண்டும் ஸ்லெட்டின் மகன் சாபெர்ட்டிடம் சேர்கின்றன. சிகெரெட்டின் வழி சாபெர்ட்டைத் தொடாமல் அவன் உடன்பிறந்த சேக்சா வழியாக ஏறுகிறது. மூன்றும் கூடும் இடம் ஸ்லெட். அதற்கு மேலே ஒற்றைக் கொடிதான்: ஏஸ்க்வின், வேறொரு ஓஃபா, பெட்கா என்று போய் சேக்ஸ்நெட் என்ற தெய்வத்தில் முடிகிறது. கென்ட், மெர்சியா ஆகிய மற்ற அரசுகளின் கொடிவழிகள் வோடன் என்ற தெய்வத்திடம் போக, இவர்கள் மட்டும் சாக்சன் தெய்வத்தைப் பிடித்துக்கொண்டது தனிச் சுவை.

ஏட்டுப்பூச்சி: ஏஸ்க்வினின் மற்றப் பிள்ளைகள் வாரிசில்லாமல் போயிருந்தாலும் மரம் இப்படித்தான் தெரியும். பிற்காலத்தார் யாருடைய ரத்தத்தைக் காட்டி அரியணை கேட்டார்கள் என்பதற்குத்தான் இது சான்று. முதலில் ஆண்டது யார் என்பதற்கு அல்ல.

குழிமேடு: இருவரும் 8ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் திருச்சபை வரலாறு எழுதிய துறவி பீட் என்பவரை விட்டுவிட்டீர்கள். அவர் ஸ்லெட்டின் பெயரைச் சொல்வதே இல்லை. ஆனால் சாபெர்ட்டின் தாய் ரிகுலா, கென்ட் அரசன் ஏதெல்பெர்ட்டின் தங்கையோ அக்காவோ என்கிறார். காலத்தை இங்கிருந்து பின்னோக்கிப் போடுங்கள். மெலிட்டஸ் லண்டன் ஆயரான 604இல் சாபெர்ட் அரசன். 616ஐ ஒட்டி அவன் இறந்ததும் மூன்று மகன்கள் சேர்ந்து ஆள்கிறார்கள். ஞானஸ்நானம் பெறாமலே நற்கருணை அப்பம் கேட்டு, மறுத்த மெலிட்டஸைத் துரத்துகிறார்கள். வளர்ந்த ஆண்கள். அப்படியானால் சாபெர்ட் 575 வாக்கிலாவது பிறந்திருக்க வேண்டும், ரிகுலாவின் திருமணம் அதற்கும் முன்னால். ஸ்லெட் 604க்குள் இறந்துவிட்டான்.

வடகரையான்: அப்படியென்றால் பிரிட்டில்வெல் கல்லறை ஸ்லெட்டுடையதாகவும் இருக்கலாமே? 2003இல் சவுத்எண்டில் கிடைத்தபோது சாபெர்ட் என்றார்கள். 2019இல் வெளியான ஆய்வு 575–605 என்றதும் அவன் கழன்றுகொண்டான். அடுத்து சேக்சாவைச் சொன்னார்கள்.

ஏட்டுப்பூச்சி: பல் எனாமல் துணுக்குகளைத் தவிர உடம்பில் எதுவும் மிஞ்சவில்லை, பெயர் பொறித்த பொருளும் இல்லை. கண்கள் இருந்த இடத்தில் இரண்டு தங்கத்தகட்டுச் சிலுவைகள். கிறிஸ்தவத்தைப் பரப்ப ரோமிலிருந்து அகஸ்டின் வந்ததே 597இல். ஸ்லெட் கிறிஸ்தவன் என்று யார் சொன்னது?

குழிமேடு: சிலுவைக்கு அகஸ்டின் வர வேண்டியதில்லை. ஏதெல்பெர்ட்டின் மனைவி பெர்த்தா அதற்கு முன்பே லியுதார்ட் என்ற ஆயருடன் கென்ட்டுக்கு வந்துவிட்டாள். ரிகுலாவின் உடன்பிறந்தவன் மனைவி அவள். அந்த உறவு வழியாகச் சிலுவை ஸ்லெட்டுக்கும் வந்திருக்கலாம், சேக்சாவுக்கும் வந்திருக்கலாம். ஆகவே சிலுவையைக் காட்டி இவர்களில் ஒருவரை மட்டும் நீக்க முடியாது.